பழைய குழாயில் புதுக் கமோட்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பழைய கமோடைக் கழற்றிவிட்டுப் புதியது வைக்கப் போகிறோம். தரையில் இருப்பது அந்தக் காலத்து மண்குழாய். சுற்றிலும் வெள்ளை சிமெண்ட் பூசிவிட்டால் போதும் என்கிறார் கொத்தனார். போதுமா?

பதில்: பூசிய அன்றைக்குப் போதும். ஆனால் காய்ந்த சிமெண்ட் வளைந்து கொடுக்காது. ஆள் உட்கார்ந்து எழும்போது கமோட் மயிரிழையாவது அசையும், அதிலேயே பூச்சு விரிசல் விடும். அப்போது முதலில் வருவது வாடை, ஈரம் தெரிவது பிறகுதான். இன்னொரு தொல்லையும் உண்டு: அடுத்த முறை கழற்றும்போது கமோடின் கழுத்தோ குழாயின் வாயோ உடையாமல் வராது.

இந்த இடத்துக்கு ஏற்றது ரப்பர் கனெக்டர். அதன் மேல்பகுதி கமோடின் வெளிப்போக்குக் கழுத்தில் உறைபோல மாட்டிக்கொள்ளும். கீழ்ப்பகுதியில் உள்ள ரப்பர் மடிப்புகள் குழாயின் உட்சுவரை அழுத்திப் பிடிக்கும். கசிவைத் தடுப்பது அந்த அழுத்தம்தான். ஆகவே அளவு தவறினால் எந்தப் பசையும் காப்பாற்றாது.

கமோட் வாங்கும் முன்பே மூன்று அளவுகளை எடுங்கள். ஒன்று, பின்சுவரிலிருந்து குழாயின் நடுப்புள்ளி வரை. டைல்ஸ் ஒட்டிய சுவரென்றால் டைல்ஸின் முகப்பிலிருந்து அளக்க வேண்டும், ஒட்டப்போவதாக இருந்தால் அந்தக் கனத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். கீழ்நோக்கிப் போகும் எஸ் டிராப் கமோடுகளில் 225, 300 மில்லிமீட்டர் அளவுகள் அதிகம் புழங்குகின்றன. இரண்டு, குழாயின் உள்விட்டம். பழைய மண்குழாய் சரியான வட்டமாக இருக்காது, குறுக்கும் நெடுக்குமாக இருமுறை அளந்து பாருங்கள். 'நாலு அங்குலக் குழாய்' என்று கடையில் சொல்லி வாங்கினால் ஏமாற நேரும். மூன்று, குழாயின் வாய் தரைமட்டத்திலிருந்து எவ்வளவு கீழே இருக்கிறது என்பது. பழைய தரைமேல் புதிதாக டைல்ஸ் ஒட்டியிருந்தால் வாய் பள்ளத்தில் போயிருக்கும், அதற்கு நீளமான கனெக்டர் தேவை.

நடுப்புள்ளி 20 மில்லிமீட்டர் வரை தள்ளியிருந்தால் அதற்கேற்ற விலகல் கனெக்டரால் (மேல்முனையும் கீழ்முனையும் ஒரே நேர்கோட்டில் இல்லாமல் தள்ளி இருக்கும் வகை) சமாளிக்கலாம். 40 மில்லிமீட்டருக்கும் கிடைக்கிறது. அதற்கு மேல் என்றால் வேறு மாடல் கமோட் தேடுவதே மேல். துருத்திபோல் நீளும் வகை கடைசி வழி, அதன் மடிப்புகளில் கழிவு தங்கும்.

பழைய சிமெண்டைக் கொத்தும் முன் குழாய்க்குள் ஒரு துணிப்பந்தை அடையுங்கள். அதைக் கயிற்றில் கட்டி மறுமுனையை வெளியே எங்காவது முடிந்துவிடுங்கள், இல்லையென்றால் துணியே அடைப்பாகிவிடும். சாக்கடை வாயு மேலே வராமலும் அந்தத் துணிப்பந்து தடுக்கும். சிறிய உளி, லேசான சுத்தியல், சின்னச் சின்னத் தட்டு. உளியை நெம்புகோலாக்கி வெளிப்புறம் நெம்பாதீர்கள், மண்குழாய் பிளப்பது பெரும்பாலும் அப்போதுதான். ரப்பர் உட்காரும் உட்சுவரைக் கம்பித் தூரிகையால் நன்றாகத் தேய்த்து, துடைத்து உலர்த்துங்கள். அங்கே ஒட்டியிருக்கும் ஒரு சிமெண்ட் பொடிக்கட்டி போதும் கசிவதற்கு.

கனெக்டரை முதலில் கமோடில் முழுக்க மாட்டிவிட்டு, கீழ் மடிப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவி, இருவராகப் பிடித்து நேராக இறக்குங்கள். எண்ணெயோ வாசலினோ வேண்டாம், ரப்பர் ஊதிக் கெடும். ஒருமுறை இறக்கித் தூக்கிப் பார்த்து, மடிப்பு எதுவும் சுருண்டு மடங்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு மறுபடி வையுங்கள். குழாயின் வாயே விரிசல் விட்டிருந்தால் இந்த வேலையெல்லாம் வீண். நல்ல பகுதி வரை அறுத்தெடுத்துப் புதுத் துண்டு இணைத்த பிறகுதான் கமோட்.

கேள்வி: மெழுகு வளையம் வைத்தால் ஆகாதா?

பதில்: குழாய் வாயைச் சுற்றித் தரையில் திருகி நிறுத்திய பிளாஞ்ச் (கமோடைப் பொருத்தும் வளையத் தட்டு) இருந்தால் தாராளமாக வைக்கலாம். வெறும் குழாய் வாயில் அது நிற்காது. ரப்பரைப் போல மெழுகை எடுத்து எடுத்து வைக்க முடியாது. ஒருமுறை நசுங்கியபின் கமோடைத் தூக்கினால் புது வளையம்தான்.

கேள்வி: கமோட் லேசாக ஆடுகிறது. திருகை இன்னும் இறுக்கலாமா?

பதில்: கூடாது, பீங்கான் விரிசல் விடும். ஆடும் பக்கத்தில் பிளாஸ்டிக் ஆப்பு செருகி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, இரண்டு திருகுகளையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

கேள்வி: அடியில் சுற்றிலும் சிலிக்கான் பூசச் சொல்கிறார்களே?

பதில்: பூசலாம், ஆனால் அது அடிப்பாகத்தைத் தரையோடு பிடிப்பதற்கும் வெளித்தண்ணீர் புகாமல் இருப்பதற்கும்தான். உள்ளே கசியும் இணைப்பை அது அடைக்காது, மறைக்கும். அதனால் பூசும் முன்பே தொட்டியில் கொஞ்சம் சாயம் கலந்து ஐந்தாறு முறை தண்ணீர் விட்டு, அடிவிளிம்பில் டிஷ்யூ காகிதத்தை ஒற்றிப் பாருங்கள். நிறம் ஏறாவிட்டால் பூசுங்கள். பின்பக்கம் இரண்டு அங்குலம் விட்டுவிடுங்கள். என்றாவது கசிந்தால் தண்ணீர் அந்த வழியாக வெளியே வந்து காட்டிக்கொடுக்கும். பூசியபின் 24 மணிநேரம் யாரும் உட்காரக் கூடாது.