புதிய பொறுப்பாளர்களுக்கு எதை முதலில் கற்பிப்பது?

கேள்வி: எங்கள் தன்னார்வச் சங்கத்தில் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவருமே இம்முறை பொறுப்புக்குப் புதியவர்கள். அவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி நடத்தும்படி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். காலையில் துணைவிதிகளை முழுமையாக விளக்கிவிட்டு, மாலையில் தலைமைப் பண்பு குறித்து ஒருவரைப் பேச வைக்கலாம் என்று எண்ணுகிறேன். இது சரியாக இருக்குமா?

பதில்: உங்கள் அக்கறை பாராட்டுக்குரியது, ஆனால் இந்தத் திட்டத்தை மாற்றிக்கொள்ளும்படி வலியுறுத்துகிறேன். சம்பளமின்றி, தம் வேலைக்கும் குடும்பத்துக்கும் இடையில் நேரம் ஒதுக்கி வருகிறவர்களின் ஒரு நாள் விலைமதிப்பற்றது. பொறுப்பேற்ற முதல் மூன்று மாதங்களில் அவர்கள் செய்தே ஆகவேண்டிய வேலைகளை அவரவர் பதவிவாரியாக எழுதிப் பாருங்கள். பயிற்சியின் பாடத்திட்டம் அதிலிருந்தே கிடைத்துவிடும்.

செயலாளருக்கு அந்த வேலைகள், கூட்ட அறிவிப்பை உரிய நாளுக்குள் அனுப்புவது, தீர்மானத்தை யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார் என்பதோடு பிழையின்றிப் பதிவு செய்வது ஆகியவை. ஆகவே ஒரு மாதிரிக் கூட்டத்தை அரை மணி நேரம் நடத்தி, அங்கேயே நடவடிக்கைக் குறிப்பை எழுதச் செய்து, உடனே சேர்ந்து படித்துத் திருத்துங்கள். பொருளாளரிடம் ரசீதுகள், செலவுச் சீட்டுகள், வங்கிக் கணக்கு அறிக்கை மூன்றையும் கொடுத்து இருப்பைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். வேண்டுமென்றே ஒரு சீட்டை விடுத்துவைத்தால், கணக்கு ஏன் இடிக்கிறது என்பதை அவரே கண்டுபிடிப்பார். விவாதம் தலைப்பை விட்டு விலகும்போது அதை மீட்டுவருவதையும், போதிய உறுப்பினர் எண்ணிக்கை இல்லாதபோது கூட்டத்தை ஒத்திவைப்பதையும் தலைவர் அந்த மாதிரிக் கூட்டத்திலேயே பழகிக்கொள்ளலாம். துணைவிதிகளை இந்த வேலைகளின் ஊடே, தேவைப்படும் பிரிவை மட்டும் புரட்டிக் காட்டினால் போதும்.

முந்தைய பொறுப்பாளர்களைக் கட்டாயம் அழையுங்கள். பாதியில் நிற்கும் பணிகள், வரவேண்டிய தொகைகள், கடவுச்சொற்கள், வங்கியில் மாற்றவேண்டிய கையொப்பங்கள் ஆகியவை எந்த விதிநூலிலும் இருப்பதில்லை. பலர் இதைத் தொலைபேசியில் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பழையவரும் புதியவரும் அருகருகே அமர்ந்து பட்டியலிட்டு, இருவரும் கையொப்பமிட்டு ஒப்படைப்பதே முறை.

எல்லாவற்றையும் ஒரே நாளில் திணிக்கவும் வேண்டாம். கற்றது தொடக்கத்திலேயே வேகமாக மறந்துபோகிறது என்பதையும், இடைவெளிவிட்டு மீண்டும் படிப்பது கூடுதல் பயன் தருகிறது என்பதையும் ஜெர்மன் உளவியலாளர் எர்மான் எபிங்ஹாஸ் 1885-இல் வெளியிட்ட நினைவாற்றல் ஆய்வில் காட்டினார். மேடைப்பேச்சும் தலைமைப் பண்பும் பழகும் மன்றங்களைக் கொண்ட டோஸ்ட்மாஸ்டர்ஸ் அமைப்பும் தன் மன்றப் பொறுப்பாளர்களுக்கு ஆண்டுக்கு இருமுறை பயிற்சி நடத்துகிறது. நீங்களும் முதலில் அரை நாள் நடத்தி, ஆறு வாரம் கழித்து, இடையில் அவர்கள் சந்தித்த சிக்கல்களையே பாடமாக வைத்து மற்றோர் அரை நாள் நடத்தலாம். தலைமைப் பண்பு பற்றிய உரையை அப்போது வைத்தால், கேட்பவர்களிடம் சொந்த அனுபவமும் கேள்விகளும் இருக்கும்.

கேள்வி: பயிற்சி பயன்பட்டதா என்பதை எப்படி அறிவது? முடிவில் கருத்துப் படிவம் கொடுத்தால் போதாதா?

பதில்: படிவம் கொடுங்கள், ஆனால் அவர்களுக்குப் பிடித்திருந்ததா என்பதை மட்டுமே அது சொல்லும். அமெரிக்கப் பேராசிரியர் டொனால்டு கிர்க்பாட்ரிக் 1959-இல் முன்வைத்த பயிற்சி மதிப்பீட்டு முறையில் இது நான்கு நிலைகளில் முதலாவதுதான். அடுத்து என்ன கற்றார்கள், பணியில் அதைக் கடைப்பிடிக்கிறார்களா, அதனால் அமைப்புக்கு என்ன விளைந்தது என்று தொடர்ந்து பார்க்கவேண்டும். சிறிய சங்கத்துக்கு மூன்றாவது நிலையே மிக முக்கியம் என்பது என் கருத்து. அதை அறிய, இரண்டு மாதம் கழித்து நடவடிக்கைக் குறிப்பேட்டையும் கணக்குப் புத்தகத்தையும் அவர்களோடு உட்கார்ந்து பாருங்கள். குறைகள் தென்பட்டால் தனியாக, மரியாதையுடன் எடுத்துச் சொல்லி, அவற்றை அடுத்த அமர்வின் பாடங்களாகக் குறித்துக்கொள்ளுங்கள்.