தடுப்பு முகாமில் பிள்ளைகள்: நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதிப் பயன் உண்டா?

கேள்வி: அவுஸ்திரேலியக் குடிவரவுத் தடுப்பு முகாம்களில் பிள்ளைகள் பட்ட துன்பம் வெளியே தெரிந்தபின் அரசியல்வாதிகள் உண்மையில் என்ன செய்தார்கள்? என் தொகுதி உறுப்பினருக்கு எழுதினால் ஏதாவது நடக்குமா?

நீங்கள் இந்த நாட்டுக்கு வந்து அதிக காலம் ஆகாதவர் என்றும், எங்கோ ஒரு செய்தியைப் படித்துவிட்டு மனம் பொறுக்காமல் கேட்கிறீர்கள் என்றும் நினைக்கிறேன். தவறாக ஊகித்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். நான் 1988இல் அண்ணன் ஸ்பொன்சர் செய்து சிட்னிக்கு வந்தவள். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பாடசாலையில் கற்பிக்கிறேன். எந்தக் கட்சியிலும் உறுப்பினர் அல்ல. இந்த விடயத்தில் வாய் திறப்பவரை உடனே ஒரு கட்சிப் பெட்டிக்குள் போட்டு மூடிவிடுகிறார்கள் என்பதால் இதை முதலில் சொல்கிறேன்.

2013ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகள், கோயிலில் பழக்கமான இரண்டு பெண்களோடு சேர்ந்து, இரு வாரங்களுக்கு ஒரு முறை ஒரு தடுப்பு முகாமுக்குப் போய்வந்தேன். அங்கே படகில் வந்த ஒரு தமிழ்க் குடும்பம் இருந்தது: தாய், தகப்பன், ஐந்து வயதுப் பெண் பிள்ளை, கைக்குழந்தை ஒன்று. பெண் பிள்ளைக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுப்பது என் வேலை. பார்வையாளர்களின் மணிக்கட்டில் வாசலில் ஒரு நிறக் காகிதப் பட்டி கட்டுவார்கள். திரும்பும்போது அதைக் காட்டினால்தான் கதவு திறக்கும். மூன்றாவது முறை போனபோது அந்தப் பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்ரி, இதை எனக்குத் தாங்கோ, இது இருந்தால் கதவு திறப்பினம்தானே?" என்று கேட்டாள். தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த தடவை நாங்கள் போனபோது, கொப்பி மட்டையிலிருந்து ஒரு துண்டை வெட்டி, சோற்றுப் பருக்கையால் ஒட்டித் தன் மணிக்கட்டில் சுற்றியிருந்தாள். நேரம் முடிந்ததும் எங்களோடு கதவுவரை நடந்துவந்து, காவலில் நின்ற இளம் பெண்ணிடம் கையை நீட்டிக் காட்டினாள். அந்தப் பெண் மிகவும் மென்மையாகத்தான் அவளைத் திருப்பி அனுப்பினார். அவரிடம் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

சில மாதங்களில் அவள் சந்திப்பு அறைக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். இரவில் படுக்கையை நனைக்கத் தொடங்கிவிட்டாள் என்றும், கட்டிலுக்குக் கீழே போய் இருந்துகொண்டு கூப்பிட்டாலும் பதில் சொல்வதில்லை என்றும் தாய் சொன்னார். உளவியலாளரைக் காண்பதற்கு விண்ணப்பப் படிவம் நிரப்பிக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள்.

என் தொகுதி உறுப்பினருக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். ஏழு வாரங்கள் கழித்து அரைப் பக்கப் பதில் வந்தது. படகுகளை நிறுத்துவதே கடலில் உயிர்களைக் காப்பதற்கான வழி என்று அதில் இருந்தது. பிள்ளையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. மற்றக் கட்சியைச் சேர்ந்த ஒருவருக்கும் எழுதினேன். அந்தப் பதிலும் ஏறக்குறைய அதே வாசகங்களோடு வந்தபோதுதான், நான் எதன்முன் நின்று பேசிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் பின்னூட்டத்தில் வந்து கேட்பார்கள். 2010 டிசம்பரில் கிறிஸ்மஸ் தீவுப் பாறைகளில் படகு மோதி ஏறத்தாழ 50 பேர் இறந்ததை நான் மறக்கவில்லை. கடலில் மாண்டவர்களுக்காக அழும் உரிமையை நான் எவரிடமிருந்தும் பறிக்கவில்லை. ஆனால் ஏற்கெனவே கரை சேர்ந்துவிட்ட ஐந்து வயதுப் பிள்ளையைப் பூட்டிவைப்பதற்கு அந்த மரணங்களைக் காரணமாகக் காட்டுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அரசியல்வாதிகள் என்ன செய்தார்கள் என்று கேட்டீர்கள். விசா இல்லாமல் படகில் வருபவர்களைத் தடுத்துவைத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயத் தடுப்பைச் சட்டமாக்கியது 1992இல் போல் கீற்றிங்கின் தொழிற்கட்சி அரசு. 2013 ஜூலையில், அதே கட்சியின் ஆட்சியில், தடுப்பில் இருந்த பிள்ளைகளின் தொகை ஏறத்தாழ 2,000ஐத் தொட்டது. அதன்பின் வந்த ரொனி அபொட்டின் அரசு அந்தத் தொகையைக் குறைத்தது என்பதும் உண்மை. மிஞ்சிய பிள்ளைகள் மாதக்கணக்கில் உள்ளேயே கிடந்தார்கள் என்பதும் உண்மை. 2015 பெப்ரவரியில் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. 2013 ஜனவரி முதல் 2014 மார்ச் வரையான பதினைந்து மாதங்களில் பிள்ளைகள் தம்மைத் தாமே காயப்படுத்திக்கொண்ட சம்பவங்கள் 128 என்று அதில் இருந்தது. பரிசோதிக்கப்பட்ட பிள்ளைகளில் 34 சதவீதத்தினருக்கு மனநல மருத்துவரின் சிகிச்சை தேவைப்படும் அளவுக்குப் பாதிப்பு இருந்தது. வெளியே வாழும் அவுஸ்திரேலியப் பிள்ளைகளில் அது 2 சதவீதத்துக்கு மேல் இல்லை. இதைப் படித்த பிரதமர், ஆணைக்குழுதான் வெட்கப்படவேண்டும் என்றார். ஆணைக்குழுவின் தலைவர் கிலியன் ட்ரிக்ஸைப் பதவி விலகச் செய்வதற்கு முயற்சி நடந்தது. அதற்காகச் சட்டமா அதிபர் ஜோர்ஜ் பிராண்டிஸுக்கு எதிராகச் செனற் சபை மார்ச் மாதத்தில் கண்டனத் தீர்மானம் நிறைவேற்றியது. வாரக்கணக்கில் நாடு முழுவதும் ட்ரிக்ஸைப் பற்றியே பேசியது. கட்டிலுக்குக் கீழே இருந்த பிள்ளையைப் பற்றிய பேச்சு அதற்குள் காணாமற் போயிற்று.

அதே ஆண்டு ஜூலையில் நடைமுறைக்கு வந்த எல்லைப் படைச் சட்டம், முகாமில் பணிபுரிந்தவர்கள் கண்டதை வெளியே சொன்னால் இரண்டு ஆண்டுகள்வரை சிறை என்றது. மருத்துவர்கள் எதிர்த்து நின்று, அடுத்த ஆண்டில்தான் தமக்கு விலக்குப் பெற்றார்கள்.

மாற்றம் வந்த இடங்களும் உண்டு. 2005இல் அப்போதைய பிரதமர் ஜோன் ஹவார்டின் சொந்தக் கட்சி உறுப்பினரான பெற்றோ ஜோர்ஜியூ, ஒரு சிலரைத் தம்மோடு சேர்த்துக்கொண்டு பிரதமரை நெருக்கியதால், பிள்ளைகளைத் தடுத்துவைப்பது கடைசி வழியாக மட்டுமே இருக்கவேண்டும் என்ற வாசகம் குடிவரவுச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. 2014 டிசம்பரில் கிறிஸ்மஸ் தீவிலிருந்து பிள்ளைகளை வெளியே கொண்டுவருவதாக அரசு உறுதி கொடுத்தது, தற்காலிகப் பாதுகாப்பு விசாவை மீண்டும் கொண்டுவரும் சட்டத்துக்குச் செனற் சபையில் வாக்குத் தேடியபோது. பிள்ளைகளின் விடுதலை அங்கே பேரம்பேசும் பொருளானது. 2018இல், படகில் வந்தவர்களை அவுஸ்திரேலியா அனுப்பிவைத்திருந்த நவுறுத் தீவில், பிள்ளைகள் உண்ணாமலும் பேசாமலும் படுத்துவிட்டார்கள் என்று மருத்துவர்கள் எச்சரித்தார்கள். ஆயிரக்கணக்கான மருத்துவர்கள் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்கள். ஒக்டோபரில் சிட்னியின் வென்ற்வேர்த் தொகுதி இடைத்தேர்தலில் ஆளும் கட்சி தோற்றது. 2019 பெப்ரவரியில் கடைசிப் பிள்ளைகளும் தீவை விட்டு வெளியேறினார்கள். அறிக்கைகள் அசைக்காதவர்களை ஓர் ஆசனமும் ஒரு வாக்கும் அசைத்தன என்பதுதான் நான் கண்டது.

பிலோயீலா குடும்பத்தை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். குயின்ஸ்லாந்து மாநிலத்தின் பிலோயீலா என்ற சிறிய ஊரில் வாழ்ந்த ஈழத்தமிழ்க் குடும்பம், இரண்டு பெண் பிள்ளைகளும் அந்த மாநிலத்திலேயே பிறந்தவர்கள். 2018 மார்ச்சில் விடியற்காலையில் வீட்டிலிருந்து கொண்டுபோனார்கள். 2019 ஓகஸ்ட்டில் நாடுகடத்த ஏற்றிய விமானம் நீதிமன்ற உத்தரவால் டார்வினில் இறங்கியது. பிறகு கிறிஸ்மஸ் தீவு. அப்போதைய உள்துறை அமைச்சர் பீற்றர் டட்டன் வானொலியில் 'நங்கூரக் குழந்தைகள்' என்ற சொல்லை எடுத்தார், நாட்டில் தங்குவதற்காகவே பெற்றுக்கொண்ட பிள்ளைகள் என்ற பொருளில். இளைய பிள்ளை 2021 ஜூனில் நோய் முற்றிப் பேர்த் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்ட பின்னரே தீவிலிருந்து குடும்பத்துக்கு விடிவு வந்தது. 2022 மே மாதத் தேர்தலில் அரசு மாறி, ஜூனில் அவர்கள் பிலோயீலாவுக்குத் திரும்பினார்கள். அந்த நாலு ஆண்டுகளும் விடாமல் நின்றவர்கள் இறைச்சித் தொழிற்சாலை உள்ள அந்தச் சிறிய ஊரின் மக்கள். பெரும்பாலானவர்களுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது.

இதைச் சொல்லும்போது எனக்கு ஓர் ஆற்றாமை உண்டு. 2014இல் நான் கையெழுத்து வாங்கக் கோயில் மண்டபத்தில் நின்றபோது, எண்பதுகளில் அகதி என்று எழுதிக்கொடுத்து வந்து வீடு வாங்கியவர்கள் சிலர், "வரிசை தாண்டி வந்த ஆக்களுக்கு நாங்கள் ஏன்?" என்று கேட்டுவிட்டுப் பிரசாதம் வாங்கப் போனார்கள். எல்லோரும் அப்படியல்ல, மாதாமாதம் பால்மா வாங்கித் தந்தவர்களும் அதே மண்டபத்தில்தான் இருந்தார்கள். உறுப்பினரின் அரைப் பக்கப் பதிலைவிட அந்தக் கேள்விதான் என்னை அதிகம் வருத்தியது.

நான் பார்க்கப்போன குடும்பம் 2015 தொடக்கத்தில் பிரிட்ஜிங் விசாவோடு, அதாவது முடிவு வரும்வரை வெளியே தங்குவதற்கான தற்காலிக விசாவோடு, வெளியே வந்தது. என் கடிதத்தால் வந்தது என்று நான் நினைக்கவில்லை.

ஆகவே, எழுதினால் பயன் உண்டா? தனியாக எழுதிய கடிதத்துக்கு அச்சடித்த பதில்தான் வரும். அதே தெருவிலிருந்து முப்பது பேர் எழுதி, பிறகு நேரம் கேட்டு நாலு பேர் அலுவலகத்தில் போய் அமர்ந்தால், உறுப்பினர் உங்களிடம் வேறு விதமாகப் பேசவேண்டி வரும். பிலோயீலாக்காரர்கள் செய்தது அதைத்தான். கட்டாயத் தடுப்புச் சட்டம் இன்னும் இருக்கிறது, 2005இல் சேர்த்த 'கடைசி வழி' என்ற வாசகமும் அதற்குள்ளேயே இருக்கிறது. ஒரு பிள்ளையைத் தடுக்க முன்னர் வேறு எந்த வழிகள் முயலப்பட்டன என்று எழுத்தில் கேளுங்கள். பிள்ளையின் வயதையும் அவர் உள்ளே கழித்த நாட்களின் தொகையையும் முதல் வரியிலேயே எழுதுங்கள். என் கடிதத்தில் அவை இரண்டாம் பக்கத்தில் இருந்தன.