எம்.எல்.ஏ. ஆகணும் என்கிற பெண்ணும் பதினெட்டு லட்சம் ரூபாய் சட்டப் படிப்பும்

போன வாரம் மேற்படிப்புக்கு என்னிடம் ஆலோசனை கேட்டு நான்கு பேர் வந்தார்கள். அப்பா, அம்மா, தாய்மாமன், பிளஸ் டூ முடித்த பெண். வழக்கமாக நீட் கட் ஆஃப், எந்தக் காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கும் என்றுதான் பேச்சு தொடங்கும். இவர்கள் உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆகியும் யாரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் அம்மாதான், ஏதோ வியாதியைச் சொல்வதுபோல் குரலைத் தாழ்த்தி, "இவ எம்.எல்.ஏ. ஆகணும்ங்கறா சார்" என்றார்.

பயப்படாதீங்கம்மா, இந்த வயசுல ஆசை வரும் போகும் என்று சொல்லத்தான் நினைத்தேன். அதற்குள் மாமா ஒரு ஃபைலைத் திறந்தார். வெளிமாநிலத்தில் ஒரு தனியார் பல்கலைக்கழகம், ஐந்து வருஷச் சட்டப் படிப்பு, ஹாஸ்டலோடு சேர்த்துப் பதினெட்டு லட்சம். பாதி கல்விக் கடன், மீதிக்கு ரோட்டோரத்து அரை ஏக்கர். "அரசியல்னா வக்கீலுக்குப் படிச்சாத்தான் மரியாதை, பெரிய இடத்துப் பழக்கமும் கிடைக்கும்" என்றார். அதோடு ஆறுதல் சொல்லும் எண்ணத்தைக் கைவிட்டேன்.

சட்டமன்றத்துக்குப் போட்டியிட எந்தப் பட்டமும் தேவையில்லை. 25 வயது முடிந்திருக்க வேண்டும், மாநிலத்தில் ஏதாவது ஒரு தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், தகுதியிழப்பு எதுவும் இருக்கக் கூடாது. சட்டம் படித்தால் உதவும், மறுக்கவில்லை. அப்படிப் படிக்க ஆசை இருந்தால் அரசு சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கட்டும், கட்டணமும் கட்டுப்படியாகும். ஆனால் பெண்ணைக் கேட்டபோது அவளுக்குச் சட்டத்தில் தனி ஈடுபாடு ஒன்றும் இல்லை, மாமா சொன்னார் என்பதால் தலையாட்டியிருக்கிறாள். ஓட்டுக் கேட்க வேண்டிய ஊரை விட்டு ஐந்து வருஷம் தள்ளியிருக்க, நிலத்தை விற்றுப் பணம் கட்டுவதா? இதற்கு நான் ஒருநாளும் சம்மதிக்க மாட்டேன், அவர்களிடமும் அப்படியேதான் சொன்னேன்.

"சரி, முதல்ல குரூப் ஒன் எழுதி அதிகாரி ஆகட்டும், அப்புறம் அரசியல் பண்ணட்டும்" என்று மாமா அடுத்ததை எடுத்தார். அரசு ஊழியர் கட்சியில் சேரவே முடியாது, தேர்தலில் நிற்க வேலையை விட வேண்டும் என்றதும் அதுவும் முடிந்தது.

இந்தத் தொழிலின் கணக்கையும் அவர்கள் முன்னால் போட்டுக் காட்டினேன். தமிழ்நாட்டில் மொத்தம் 234 இடம். 2021-இல் அதற்கு ஏறக்குறைய 4,000 பேர் நின்றார்கள், ஜெயித்தவர்களில் பெண்கள் 12 பேர். டெபாசிட் 10,000 ரூபாய், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 5,000. செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்கு வாங்காவிட்டால் அது திரும்பி வராது. ஒரு வேட்பாளருக்கான செலவு வரம்பு 2022 முதல் 40 லட்சம். சம்பளம் படிகளோடு சேர்த்து மாதம் 1,05,000 ரூபாய், 2017-இல் நிர்ணயித்தது. அதுவும் ஐந்து வருஷத்துக்குத்தான். 1967-இல் விருதுநகரில் காமராஜரே ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டு வித்தியாசத்தில் தோற்ற மாநிலம் இது. ஆகவே இதைச் சோறு போடும் வேலையாக நினைக்கவே கூடாது. சோற்றுக்கு வேறு வேலை வேண்டும்.

அப்பாவின் முகம் தெளிந்தது, நான் ஆசையைக் கலைத்துவிட்டேன் என்று நினைத்துவிட்டார் போல. ஆனால் அதற்கு முன்பே பெண்ணிடம் தனியாகப் பேசியிருந்தேன். கொடி கட்டிய கார் ஆசையா, வேலை ஆசையா என்று பார்ப்பது என் வழக்கம். பத்தாம் வகுப்பில் சாயங்கால டவுன் பஸ் பள்ளி விடுவதற்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே போய்விடுகிறது என்று எட்டுப் பிள்ளைகளோடு டிப்போவுக்குப் போய் மனு கொடுத்திருக்கிறாள். மூன்று தடவை போன பிறகு நேரத்தை மாற்றினார்களாம். வீட்டில் யாருக்கும் தெரியாது! இப்படிப்பட்ட பிள்ளையை "முதல்ல செட்டில் ஆகு" என்று உட்கார வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதனால் நான் சொன்ன வழி, யாரும் மதிக்காத வழி: கிராம ஊராட்சி. முதலில் கிராமசபை, அப்புறம் வார்டு உறுப்பினர்.

அவளுக்கு மார்ச்சிலேயே பதினெட்டு முடிந்துவிட்டது. படிவம் 6 கொடுத்து ஊர் வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேர்த்துவிட்டால் அவள் கிராமசபை உறுப்பினர், யாரும் நியமிக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு கிராமசபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பக்கத்து அரசுக் கல்லூரியில் பி.காம். சேர்ந்தால் மூன்று வருஷத்தில் பதினெட்டுக் கிராமசபையில் உட்கார்ந்துவிடலாம். செலவு ஒரு நோட்டும் பேனாவும். (பி.காம். என்றது வேண்டுமென்றே. அவளுக்குக் கணக்குப்பதிவியல் பிடித்த பாடம், ஜி.எஸ்.டி., வரிக் கணக்கு என்று ஊரிலேயே இருந்து சம்பாதிக்கலாம், வரவு செலவு அறிக்கையும் படிக்கத் தெரியும்.)

அங்கே வரவு செலவை வாசிப்பார்கள், பெரும்பாலும் வேகமாக வாசிப்பார்கள். தெருவிளக்குக்கு எவ்வளவு, மோட்டார் ரிப்பேருக்கு எவ்வளவு, எந்தத் தெருவுக்குக் குழாய் இணைப்பு என்பதைக் குறித்துக்கொண்டு, அடுத்த தடவை அதே மோட்டார் மறுபடி ரிப்பேர் என்று வந்தால் எழுந்து கேட்க வேண்டும். ஊராட்சி செயலர் என்ன செய்வார், பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸில் எந்த மேசையில் கோப்பு நிற்கும், தண்ணித் தொட்டி ஆபரேட்டருக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது, இதெல்லாம் எந்தப் பல்கலைக்கழகத்திலும் பாடம் கிடையாது. சட்டமன்றத்தில் கேள்வி நேரத்தில் எழுந்து கேட்கும் பல கேள்விகள் இதே பாலம், பஸ், குடிநீர்தான்.

21 வயதானால் உள்ளாட்சியில் நிற்கலாம். கிராம ஊராட்சி வார்டுக்கும் தலைவர் பதவிக்கும் கட்சிச் சின்னம் கிடையாது, சீட்டுக்காக யார் வீட்டு வாசலிலும் நிற்க வேண்டாம். 2019 தேர்தலில் வார்டு உறுப்பினருக்கு டெபாசிட் 200 ரூபாய், செலவு வரம்பு 9,000. ஒரு வார்டில் சில நூறு ஓட்டுதான், ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் இரண்டு தடவை உட்கார்ந்து பேசிவிடலாம். ஜெயித்தாலும் தோற்றாலும் செலவுக் கணக்கை ஒழுங்காகக் கொடுக்க வேண்டும், கொடுக்காதவர்களைத் தகுதி நீக்கம் செய்கிறார்கள். ஜெயித்த வார்டு உறுப்பினர்களுக்குள்தான் துணைத் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் அது சின்னப் பதவி இல்லை. பாதி இடங்கள் பெண்களுக்கு. சட்டமன்றத்திலும் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று 2023-இல் சட்டத் திருத்தம் வந்திருக்கிறது. தொகுதி மறுவரையறைக்குப் பிறகுதான் அமலாகும் என்றாலும், இப்போது பதினெட்டு வயதில் இருப்பவளுக்குக் காத்திருக்கக் காலம் இருக்கிறது.

இதில் சிக்கலும் உண்டு. உள்ளாட்சித் தேர்தல் நேரத்துக்கு வராது. 2016-இல் முடிந்த பதவிக்காலத்துக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது. 27 மாவட்டங்களில் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்ததும் ஊராட்சிகள் மறுபடி அரசு நியமிக்கும் தனி அலுவலர்கள் கைக்குப் போயின. வார்டு யாருக்கு ஒதுக்கீடு என்பதும் நம் கையில் இல்லை. கையில் வேறு வருமானம் இருக்கட்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

அம்மாவுக்கு இன்னொரு பயம். எங்கள் பக்கம் பெண் தலைவர் என்றால் கூட்டத்தில் உட்காருவது அவர் கணவர், கையெழுத்து மட்டும் அம்மையார். "இவளையும் அப்படித்தான் ஓரத்துல உட்கார வைப்பாங்க" என்றார். நடக்கிறதுதான். ஆனால் பதினெட்டுக் கிராமசபையில் கணக்குக் கேட்டவளை ஓரத்தில் உட்கார வைப்பது அவ்வளவு சுலபமில்லை, அவள் நாற்காலியில் அப்பாவோ மாமாவோ போய் உட்காராமல் இருந்தால்.

மாமா இதைக் கேட்டுச் சிரித்துவிட்டார், கொஞ்சம் சங்கடமாகத்தான். "வார்டு மெம்பர்னா சொந்தக்காரங்க கிட்ட எப்படி சார் சொல்றது?" என்று கேட்டார். சொந்தக்காரர்களுக்கு பி.காம். படிக்கிறாள் என்று சொல்லுங்கள், அது உண்மைதானே. நிலத்தை மட்டும் விற்காதீர்கள், படிப்புக்கும் சரி, பின்னால் அவள் நின்றால் தேர்தலுக்கும் சரி. 9,000 ரூபாய் வரம்புள்ள தேர்தலுக்கு நிலம் விற்க வேண்டிய நிலை வந்தால் அந்தத் தேர்தலே வேண்டாம்.

அவர்கள் ஊரில் 2,000 பேர் சொச்சம். 501-இலிருந்து 3,000 வரை மக்கள்தொகை என்றால் கிராமசபைக் கோரத்துக்கு, அதாவது கூட்டம் செல்லுபடியாக, குறைந்தது நூறு பேர் வேண்டும். வருகிற ஆகஸ்ட் 15-க்கு அவளைத் தனியாக அனுப்ப வேண்டாம், அப்பா அம்மா இரண்டு பேரும் கூடப் போங்கள், கணக்கு வாசிக்கும்போது எழுந்து வெளியே வந்துவிடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன். மாமா வேறு ஊர் என்பதால் அவரைக் கோரத்தில் சேர்க்க முடியாது.