செய்தியில் சொல்லும் சுட்டெண்ணை எங்கே வாங்குவது?

கேள்வி: 5 இலட்சம் ரூபா நிலையான வைப்பு அடுத்த மாதம் முதிர்கிறது. அதைத் தினமும் செய்தியில் சொல்கிற ‘அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண்’ணில் போடலாம் என்கிறார் மகன். அதை எங்கே வாங்குவது? நமக்குத் தெரிந்த சீனன்குடாக் கம்பனிகளின் பங்கை வாங்கினால் போதாதா? (வாசகி, உப்புவெளி)

பதில்: அந்தச் சுட்டெண் விற்பனைக்கு இருக்கும் பொருள் அல்ல, ஒரு கணக்கு. கொழும்பு பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பனிகளின் சாதாரண பங்குகள் அனைத்தையும் அன்றைய விலையால் பெருக்கிக் கூட்டுகிறார்கள். 1985இன் பெறுமதியை 100 என்று வைத்து, அதோடு ஒப்பிட்டு வரும் எண்ணைத்தான் செய்தியில் கேட்கிறீர்கள்.

இதில் பெரிய கம்பனிக்குத்தான் கனம் அதிகம். 1,000 கோடி ரூபா பெறுமதியுள்ள கம்பனியின் பங்கு 5% ஏறினால் மொத்தத்தில் 50 கோடி கூடும். 10 கோடிக் கம்பனியின் பங்கு இரட்டிப்பானாலும் கூடுவது 10 கோடிதான். 2021இல் சுட்டெண் பாய்ந்தபோது எக்ஸ்போலங்கா, எல்ஓஎல்சி போன்ற ஒரு சில பெரிய கம்பனிகள்தான் அதைப் பெருமளவு இழுத்துச் சென்றன. ‘சந்தை ஏறியது, என் பங்கு ஏன் ஏறவில்லை’ என்று பலர் குழம்புவது இதனால்தான்.

2012இல் தொடங்கிய எஸ் அன்ட் பி எஸ்எல்20 என்பது வேறு சுட்டெண். அதில் 20 பெரிய கம்பனிகள் மட்டுமே. அவற்றைத் தெரிவு செய்யும்போது பங்குகள் தாராளமாகக் கைமாறுகின்றனவா என்றும் பார்ப்பார்கள். எந்த ஒரு கம்பனியின் கனமும் சுட்டெண்ணில் 15%ஐத் தாண்டாமல் சமப்படுத்துவார்கள். சிறு முதலீட்டாளர் பின்பற்ற இதுவே இலகுவானது.

சீனன்குடாக் கேள்விக்கு வருவோம். டோக்கியோ சீமெந்து, லங்கா ஐஓசி இரண்டும் பட்டியலிட்ட கம்பனிகள்தான், வாங்கலாம். ஆனால் சீமெந்து நாட்டின் கட்டட வேலைகளையும் இறக்குமதிச் செலவையும் நம்பியிருக்கிறது. எரிபொருள் வியாபாரம் டொலரையும் அரசின் விலைக் கொள்கையையும் நம்பியிருக்கிறது. ஆலையைத் தினமும் பார்ப்பதால் அதன் இலாபம் நமக்குத் தெரிந்துவிடாது. உங்கள் வீடும் காணியும் திருகோணமலையில்தானே இருக்கின்றன; சேமிப்பையும் இங்குள்ள இரண்டு கம்பனிகளில் கட்டிவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அப்படியும் வாங்குவதென்றால் குறியீட்டைக் கவனியுங்கள். டோக்கியோ சீமெந்தின் குறியீட்டில் ‘N’ என்ற எழுத்து வந்தால் வாக்குரிமையுள்ள பங்கு, ‘X’ என்று வந்தால் வாக்குரிமையற்றது. இரண்டின் விலையும் வேறு.

பரந்த சந்தையில் பணத்தைப் போட உங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது யூனிட் டிரஸ்ட். பலருடைய பணத்தைச் சேர்த்து ஒரு முகாமை நிறுவனம் முதலிடும். சொத்துகள் வேறொரு நம்பிக்கைப் பொறுப்பாளரிடம் இருக்கும். விவரத் தாளில் மூன்றைப் பாருங்கள்: எந்தச் சுட்டெண்ணைப் பின்பற்றுகிறது, வருடக் கட்டணம் எவ்வளவு, கடந்த ஆண்டுகளில் சுட்டெண்ணுக்கும் நிதிக்கும் எவ்வளவு இடைவெளி விழுந்தது. ‘பங்கு வளர்ச்சி நிதி’ என்று எழுதியிருந்தால் பங்குகளை முகாமையாளரே தெரிவு செய்கிறார். அது சுட்டெண்ணை அப்படியே பின்பற்றும் ‘சுட்டெண் நிதி’ அல்ல.

இரண்டாவது, நீங்களே எஸ்எல்20இலிருந்து வெவ்வேறு துறைகளில் ஏழெட்டுக் கம்பனிகளை வாங்குவது. இதற்குக் கொழும்புக்குப் போகத் தேவையில்லை. பங்குச் சந்தையின் கைபேசிச் செயலியிலேயே சிடிஎஸ் கணக்குக்கு (உங்கள் பங்குகள் மின்னணு முறையில் பதிவாகும் கணக்கு) விண்ணப்பித்துத் தரகரையும் தெரிவு செய்யலாம். அடையாள அட்டை, வங்கிக் கணக்கு விவரம், முகவரிக்கான ஆதாரம் ஆகியவற்றை ஆயத்தமாக வைத்திருங்கள். நமது பெயர்களில் அடிக்கடி வரும் சிக்கல், அடையாள அட்டையில் ஓர் ஆங்கில எழுத்துக்கூட்டலும் வங்கிப் புத்தகத்தில் இன்னொன்றும் இருப்பது. விண்ணப்பிக்கும் முன் வங்கிக் கிளையில் அதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

செலவையும் கணக்கிடுங்கள். தரகு, வரி எல்லாம் சேர்ந்து வாங்கும்போது 1.12%, விற்கும்போது மீண்டும் 1.12%. ஒரு இலட்சத்துக்கு வாங்கினால் 1,120 ரூபா போகும். விலை சுமார் 2.27% ஏறினால்தான் போட்ட பணம் முழுதாகத் திரும்பும். அதனால் மாதாமாதம் வாங்கி விற்பவருக்கு மிஞ்சுவது குறைவு. கம்பனி தன் இலாபத்திலிருந்து தரும் பங்கிலாபத்திலும் 15% வரி கழித்தே தருவார்கள். கட்டளை கொடுக்கும்போது ‘இந்த விலைக்கு மேல் வேண்டாம்’ என்று எல்லையிட்டுக் கொடுங்கள். குறைவாகக் கைமாறும் பங்குகளில் எல்லையிடாவிட்டால் எதிர்பாராத விலையில் வாங்க நேரிடும்.

இனி, எவ்வளவு போடுவது? 2010 முடிவில் சுட்டெண் 6,600ஐத் தாண்டியிருந்தது. 2019 முடிவில் 6,100 அளவில் நின்றது. ஒன்பது வருடம் காத்திருந்தவருக்கும் விலையில் நட்டம்தான், பங்கிலாபம் மட்டுமே மிஞ்சியது. 2022 ஜனவரியில் 13,000க்கு மேலே போய், அந்த வருட முடிவில் 8,500க்குக் கீழே வந்தது. அதே வருடம் ஏப்ரலில் சந்தையை ஒரு வாரம் மூடியும் வைத்தார்கள். அவசரத்துக்கு விற்கவும் முடியவில்லை. 2024 முடிவிலோ 15,900ஐத் தாண்டியது. இப்படி ஏறி இறங்குவதைப் பொறுத்துக்கொள்ள ஏழு வருடமாவது கைவைக்கத் தேவையில்லாத பணம் வேண்டும்.

ஆகவே 5 இலட்சத்தையும் எடுக்காதீர்கள். கலியாணம், மருத்துவம், வீட்டுத் திருத்தம் என்று இரண்டு மூன்று வருடத்துக்குள் தேவைப்படும் பணம் வங்கியிலேயே இருக்கட்டும். அங்கே ஒருவருக்கு ஒரு வங்கியில் 11 இலட்சம் ரூபா வரை வைப்புக் காப்புறுதி உண்டு. பங்குக்கோ யூனிட்டுக்கோ அது கிடையாது. 2 இலட்சத்தை ஒதுக்கி, மாதம் 20,000 வீதம் பத்துத் தவணையாகப் போடுங்கள். தவணை முறைக்கு யூனிட் டிரஸ்ட்தான் வசதி. விலை இறங்கிய மாதத்தில் அதே 20,000க்குக் கூடுதல் யூனிட் கிடைக்கும். இறங்குகிறதே என்று அந்தத் தவணையை நிறுத்திவிட்டால் இந்த முறையின் பலனே போய்விடும்.

‘அமெரிக்கச் சுட்டெண்ணில் போட்டு மாதம் நிச்சய இலாபம்’ என்று வட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம். இலங்கையில் வசிப்பவர் வெளிநாட்டில் முதலிடுவதை 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்களில் ஈடுபட்டவர்களின் பெயர்களை மத்திய வங்கி வெளியிட்டிருக்கிறது. தரகரோ முகாமை நிறுவனமோ பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் பிணையங்கள் ஆணைக்குழுவில் உரிமம் பெற்றதா என்று அந்த ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் பார்த்த பிறகே பணம் அனுப்புங்கள். அதுவும் நிறுவனத்தின் பெயரிலுள்ள கணக்குக்கு மட்டும். முகவர் தன் சொந்தக் கணக்கு இலக்கத்தைத் தந்தால் ஒரு ரூபாவும் போட வேண்டாம்.