உயரம் என்றால் பயம்: வி.ஆர். சிகிச்சை கைகொடுக்குமா?

கேள்வி: எனக்கு வயது 34. மாடியிலிருந்து கீழே பார்த்தாலே கால் கூசும், உள்ளங்கை வியர்க்கும். இப்போது எங்கள் அலுவலகம் 11-வது மாடிக்கு மாறிவிட்டது. வி.ஆர். (விர்ச்சுவல் ரியாலிட்டி) கண்ணாடி, அதாவது நிஜம் போன்ற காட்சிக்குள் நிற்பதாகத் தோன்றவைக்கும் கண்ணாடி மாட்டி இந்தப் பயத்தைப் போக்கலாம் என்கிறார் நண்பர். உண்மையா? வீட்டிலேயே செய்துகொள்ளலாமா?

பதில்: உண்மைதான். 1995-லேயே அமெரிக்காவில் உளவியலாளர் பார்பரா ரோத்பாம் குழுவினர் உயர பயத்துக்கு இதைச் செய்து பார்த்தார்கள். 2018-ல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் டேனியல் ஃப்ரீமன் குழு 100 பேரை வைத்து ஆய்வு நடத்தியது. பாதிப்பேர் கண்ணாடிக்குள் பத்து மாடிக் கட்டடம் ஒன்றில் ஏறினார்கள். மரக்கிளையில் மாட்டிக்கொண்ட பூனையைக் காப்பாற்றுவதுகூட அதில் ஒரு பயிற்சி. இரண்டே வாரத்தில் அவர்களின் பயம் சராசரியாக மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது.

ஆனால் மருந்து அந்தக் கண்ணாடி இல்லை, பயத்தை விட்டு ஓடாமல் நின்று பழகுவதுதான். பயம் உச்சத்துக்குப் போகும். அங்கேயே நின்றால் தானாக இறங்கும். பாதியில் ஓடி வந்துவிட்டால், 'ஓடியதால்தான் பிழைத்தேன்' என்று மூளை கற்றுக்கொள்ளும். கண்ணாடி மாட்டியவருக்குத் தான் அறையின் தரையில் நிற்பது நன்றாகத் தெரியும். ஆனாலும் கால் நகராது. சிலர் கண்ணாடிக்குள் கண்ணை இறுக மூடிக்கொண்டு நிற்பார்கள். பக்கத்தில் இருக்கும் சிகிச்சையாளர் மூச்சை வைத்தே அதைக் கண்டுபிடித்து, "பயம் நூற்றுக்கு எவ்வளவு?" என்று கேட்டு, எண் இறங்கும்வரை கூடவே நிற்பார்.

அதனால் யூடியூபில் ரோலர் கோஸ்டர் வீடியோ போட்டுப் பார்ப்பது இதற்கு ஈடாகாது. பயம் ஏறும்போது கழற்றி வைத்துவிடுவீர்கள், பயம் இன்னும் வேர்விடும். வலிப்பு நோய் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் வி.ஆர். வேண்டாம். தலை சுற்றுகிறது என்றால் அது காதுக் கோளாறாகவும் இருக்கலாம், முதலில் காதைப் பரிசோதியுங்கள்.

வி.ஆர். வசதி பக்கத்தில் இல்லையா? கவலை வேண்டாம், இதே சிகிச்சையை நிஜப் படிக்கட்டிலும் செய்யலாம். மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள். யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். அதுவரை, 2-வது மாடி ஜன்னல் பக்கம் தினமும் போய் நில்லுங்கள். படபடப்பு அடங்கிய பிறகு திரும்புங்கள், அதற்கு முன் வேண்டாம். அங்கே பழகிய பிறகு 3-வது மாடி.