காதுவில்லை இருந்தால் மாடு இருக்கும் இடம் தெரியுமா?

கேள்வி: கோமாரித் தடுப்பூசி போட வந்தவர்கள் எங்கள் இரண்டு கறவை மாடுகளின் காதிலும் 12 இலக்க எண் கொண்ட மஞ்சள் வில்லையைப் பொருத்திச் சென்றார்கள். அதில் சிப் இருப்பதாகவும், மாடு களவு போனால் கைபேசியிலேயே இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்றும் பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொல்கிறார். உண்மையா?
– காங்கயம் வட்டார வாசகி

பதில்: உண்மையில்லை. தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் பரவலாகப் பொருத்தப்படுவது பாலியூரித்தேனால் ஆன சாதாரண வில்லைதான். அதில் எண்ணும் பட்டைக்கோடும் அச்சாகியிருக்கும், சிப் கிடையாது. அந்த எண்ணை ‘பாரத் பசுதன்’ தரவுத்தளத்தில் பதிந்தால் மாட்டின் இனம், உரிமையாளர், போட்ட தடுப்பூசி, சினை ஊசி ஆகிய விவரங்கள் கிடைக்கும். மாடு நிற்கும் இடம் கிடைக்காது.

சிப் வைத்த மின்னணு வில்லையும் இடத்தைக் காட்டாது என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். அதற்குள் இருப்பவை ஒரு சிறு சிப்பும் செப்புக் கம்பிச் சுருளும் மட்டுமே, மின்கலம் இல்லை. படிக்கும் கருவியை அருகில் கொண்டுசென்றால், அது வெளியிடும் 134.2 கிலோஹெர்ட்ஸ் அலையிலிருந்தே மின்சாரத்தைப் பெற்று, தன் 15 இலக்க எண்ணைத் திருப்பி அனுப்பிவிட்டு வில்லை அடங்கிவிடும். கையடக்கக் கருவியாக இருந்தால் ஏறக்குறைய ஒரு முழத்துக்குள் நீட்ட வேண்டும். இருக்குமிடத்தைக் காட்டுவது செயற்கைக்கோள் தொடர்புடைய கழுத்துப்பட்டை. அது வேறு சாதனம், விலையும் வேறு.

அப்படியானால் சிப் எதற்கு? சாணமும் சேறும் அப்பிய காதைத் துடைத்து, தலையை உதறும் மாட்டிடம் எண்ணைப் படிப்பவர் 6-ஐ 8 என்று எழுதிவிடுவது சாதாரணமாக நடப்பது. ஆஸ்திரேலியாவில் 2005 முதல் நாடு முழுவதும் மாடுகளுக்கு மின்னணு வில்லை கட்டாயம். அங்கே சந்தையின் குறுகலான நடைபாதையில் மாடுகள் நடந்து செல்லும்போதே பக்கத்தில் நிற்கும் கருவி எண்களைப் படித்துக்கொள்கிறது. எந்தப் பண்ணையிலிருந்து எந்தப் பண்ணைக்கு மாடு போனது என்பது தரவுத்தளத்தில் ஏறிவிடுகிறது. நோய் பரவும்போதுதான் இதன் அருமை தெரியும். 2003 டிசம்பரில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பசுவுக்கு, மூளையைத் தாக்கும் பித்தப்பசு நோய் (மேட் கவ்) கண்டபோது, அது கனடாவிலிருந்து வந்தது என்று கண்டறிய முடிந்தும், அதே மந்தையிலிருந்து வந்த மற்ற மாடுகள் பலவற்றைக் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த நாடே மாநில எல்லை தாண்டும் சில வகை மாடுகளுக்கு மின்னணு வில்லையைக் கட்டாயமாக்க 2024 நவம்பர் வரை ஆகியிருக்கிறது!

களவு போன மாடு வேறிடத்தில் பிடிபட்டால், அது உங்களுடையது என்று காட்ட இந்த 12 இலக்கம் உதவும், வில்லை அறுக்கப்படாமல் இருந்தால். எண் தெளிவாகத் தெரியும்படி மாட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாட்டை விற்றால், தரவுத்தளத்தில் வாங்கியவர் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். நம் ஊரில் பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான்.

கேள்வி: வேலியில் மாட்டிக் காதுவில்லை அறுந்துவிட்டது. மாட்டுக்குக் காப்பீடு உள்ளது. என்ன செய்வது?
– மணப்பாறை வாசகர்

பதில்: இன்றே காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்து, கால்நடை மருந்தகத்தில் புதிய வில்லை பொருத்தி, அந்த எண்ணைப் பாலிசியிலும் ஏற்றுங்கள். மாடு இறந்தபின் வில்லையைக் காட்ட முடியாவிட்டால் இழப்பீடு மறுக்கப்படலாம். காதுப் புண் ஆறும்வரை ஈ மொய்க்காமல் மருந்து போட்டுவாருங்கள்.