கிராமத்து நர்ஸிடம் கேளுங்கள்

கிராம சுகாதார செவிலியராக முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். துணை சுகாதார நிலையம், அங்கன்வாடி, பள்ளிக்கூடம் என்று அலைந்ததுதான் என் அனுபவம். கர்ப்பிணிகள், குழந்தைகள், வளரும் பெண்பிள்ளைகள் பற்றிக் கேளுங்கள்.

ஏழு மாதக் கர்ப்பம் அம்மா. சத்து மாத்திரை கொடுத்தும் ரத்த அளவு (ஹீமோகுளோபின்) 8.6-லேயே நிற்கிறது. ஏன்?

கொடுத்தார்கள், சரி. விழுங்கினீர்களா? கோபப்படாதீர்கள். ஒரு வீட்டில் அரிசி டிரம்முக்குப் பின்னால் ஏழு அட்டைகள் பிரிக்காமலே கிடந்ததைக் கண்டெடுத்தவள் நான். என் பதிவேட்டில் 'வழங்கப்பட்டது' என்று ஒரு கட்டம் உண்டு. 'விழுங்கப்பட்டது' என்று ஒரு கட்டம் கிடையாது.

விழுங்கியும் ஏறவில்லை என்றால், எதோடு விழுங்குகிறீர்கள் என்று பாருங்கள். டீ, காபிக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் இரும்புச்சத்து மாத்திரையையும் சேர்த்துப் போட்டால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. இரண்டு மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள். குமட்டினால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுப் படுத்துவிடுங்கள். எலுமிச்சை, நெல்லிக்காய் கூட இருந்தால் நல்லது. பூச்சி மாத்திரை கொடுத்தார்களா என்றும் கேளுங்கள்.

8.6 என்பது தினம் ஒரு மாத்திரையில் சரியாகிற அளவு இல்லை. இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைப் பாருங்கள். ஏழு மாதம் ஆகிவிட்டதால் இரும்புச்சத்தை நரம்பு வழியாக ஏற்றச் சொல்லலாம். பயப்பட ஒன்றுமில்லை. பிரசவத்தில் ரத்தம் போகும்போது 8.6-ஓடு இருப்பதற்குத்தான் பயப்பட வேண்டும்.

பிக்மி எண் எதற்கு? எங்கே வாங்குவது?

கர்ப்பத்தைப் பதிவு செய்தால் கிடைக்கும் 12 இலக்க எண். உங்கள் பகுதி செவிலியரிடம் 12 வாரத்துக்குள் பதிந்துவிடுங்கள். தனியார் மருத்துவமனையில் பார்த்தாலும் இது வேண்டும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்குக் கேட்பார்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவியான ரூ.18,000-க்கும் இதுதான் வாசல். அதில் ரூ.4,000 சத்துணவுப் பெட்டகமாக வரும், மீதி தவணைகளாக வங்கிக் கணக்குக்கு வரும்.

எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் வகுப்பில் தூங்கி வழிகிறாள். படிப்பு ஏறவில்லை, நிறுத்திவிடுங்கள் என்கிறார்கள் உறவினர்கள்.

நிறுத்த வேண்டியது அந்த உறவினர்களின் பேச்சை. முதலில் ரத்தம் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். அவள் வயதுக்கு 12 இருக்க வேண்டும். தேசிய குடும்பநல ஆய்வின் 5-ஆம் சுற்றில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல்! நாம் 'மந்தம்' என்று திட்டிய எத்தனை பிள்ளைகளுக்கு மூளைக்குப் போதுமான ரத்தமே இல்லாமல் இருந்ததோ.

பள்ளியில் வாரம் ஒரு நீல மாத்திரை கொடுப்பார்களே, அதை என்ன செய்கிறாள் என்று கேளுங்கள். 'இதைப் போட்டால் பின்னாளில் குழந்தை பிறக்காது' என்ற வதந்தியை நம்பி ஜன்னல் வழியே வீசிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மாதவிலக்கு நாட்களில் எத்தனை நாள் விடுப்பு எடுக்கிறாள் என்றும் பாருங்கள். பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் இல்லையென்றால் அந்த நாட்களில் வீட்டில்தான் இருப்பாள். விட்டுப்போன பாடம் சேர்ந்துகொண்டே போகும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துக் கல்லூரிக்குப் போனால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ரூ.1,000 உண்டு. உறவினர்களிடம் அதையும் சொல்லுங்கள்.

முடி கொட்டுகிறது அக்கா.

எனக்கும்தான்.

பிறந்த குழந்தைக்கு நாக்கில் இனிப்புத் தொட்டுச் சேனை வைக்கலாமா? மாமியார் கேட்கிறார்.

வேண்டாம். சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம், தேனும் வேண்டாம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்.

(வேறொருவர்) நாங்கள் எல்லாம் சேனையும் வசம்பும் உரை மருந்தும் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தான். பாரம்பரியத்தை இழிவுபடுத்தாதீர்கள்.

தம்பி, வளர்ந்தவர்கள் வந்து கேள்வி கேட்கிறார்கள். வளராமல் போனவர்கள் யாரும் வந்து கேட்க முடியாது. வசம்பு கொடுத்தபின் விடாமல் வாந்தி எடுத்த பச்சைக் குழந்தையை நானே 108-இல் ஏற்றியிருக்கிறேன்.

(அவரே) தேன் இயற்கையானதுதானே?

அதில் இருக்கக்கூடிய கிருமியும் இயற்கையானதுதான். ஒரு வயதுக்குள் அது குழந்தையின் தசையைத் தளர்த்தி மூச்சையே நிறுத்தக்கூடும். அபூர்வம்தான், ஆனால் உங்கள் வீட்டுக் குழந்தையை வைத்து அந்த அபூர்வத்தைச் சோதிக்காதீர்கள். பாட்டியை நான் பழிக்கவில்லை. ஆறு மாதத்துக்குப் பிறகு கேழ்வரகுக் கூழ் காய்ச்சக் கற்றுக்கொடுத்தவர்களும் பாட்டிகள்தான். அந்தப் பாரம்பரியத்தைக் காப்பாற்றுங்கள், நானும் கூட வருகிறேன்.

சேனையை யார் வைக்கிறார்களோ அவர் குணம் குழந்தைக்கு வருமாமே?

வந்தால், கை கழுவாத குணம்தான் முதலில் வரும். சேனை விவகாரம் இத்தோடு போதும்.

இரண்டு வயதுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. சாப்பாட்டை நிறுத்தவா?

நிறுத்தாதீர்கள். உப்புச் சர்க்கரைக் கரைசலை வாய் வாயாகக் கொடுங்கள். அதோடு துத்தநாக மாத்திரை 20 மில்லிகிராம் 14 நாள். போக்கு நின்றாலும் 14 நாள். சுணங்கிக் கிடந்தால், கண் குழி விழுந்தால், குடிக்க மறுத்தால், மலத்தில் ரத்தம் வந்தால் உடனே மருத்துவமனை.

பிக்மி எண் என்றால் என்ன அம்மா?

மேலே இரண்டாவது பதில்.

அங்கன்வாடியில் தரும் சத்துமாவைக் கொடுத்தும் எடை ஏறவில்லை.

பாக்கெட்டை வீட்டில் எத்தனை பேர் சாப்பிடுகிறீர்கள்? அந்த மாவில் எல்லோருக்கும் கொழுக்கட்டை பிடித்துவிட்டுக் குழந்தைக்கு ஒரு கரண்டி கொடுத்தால் அதற்கு எப்படி எடை ஏறும்? குழந்தைக்கு மட்டும் என்று எடுத்து வையுங்கள். பணியாளரிடம் மேல்கைச் சுற்றளவையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் மாவோடு நிற்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

வெளியூரில் பிரசவம். பிக்மி எண்ணுக்கு மறுபடி பதிய வேண்டுமா?

இதுதான் கேள்வி! வேண்டாம். அதே எண்தான். அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

(முதலில் கேட்டவர்) மாத்திரையை இரவில் போட ஆரம்பித்தேன் அம்மா. மலம் கறுப்பாகப் போகிறது. நிறுத்திவிடவா?

இரும்பு மாத்திரை போட்டால் அப்படித்தான் போகும் மகளே, நிறுத்தாதீர்கள். தார் போல ஒட்டினாலோ வயிறு வலித்தாலோ மட்டும் உடனே காட்டுங்கள். மருத்துவரைப் பார்த்துவிட்டீர்களா, இல்லையா? அதைச் சொல்லுங்கள் முதலில்.